கீழே ஓடிய இரண்டு வரி

“கீழை ரெண்டு வரிதான் ஓடுது. இவள் பத்து வரி சொல்லுறாள். மிச்சம் எட்டு வரி எங்காலை வந்தது?”

கேட்டவர் முதலாளி மாமா. கேட்டது என்னையல்ல, என்னைப் பெற்ற ஐயாவை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். முற்றத்தில் இருந்த எல்லாரும் திரும்பி ஐயாவைப் பார்த்தார்கள், அந்த எட்டு வரியும் அவருடைய மடிக்குள் இருப்பதுபோல. ஐயா தலையைச் சொறிந்தார். அவருக்குச் சிங்களமும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தமிழிலும் கைநாட்டுத்தான்.

முதலாளி மாமா எங்களுக்கு உறவில்லை. தெற்கே ஒரு பட்டினத்தில் இருபது வருடம் கடை வைத்திருந்ததால் அவர் முதலாளி. எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடுகளுக்குள் மூத்தவர் என்பதால் மாமா. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கடை எரிந்தது. அவரும் மாமியும் அகதிகளோடு கப்பலேறி வந்து, எங்கள் தீவில் கரம்பொன் பக்கத்தில் இருந்த தங்கள் பழைய வீட்டைக் கூட்டித் துடைத்து இருந்துவிட்டார்கள். கடை போனாலும் பட்டம் போகவில்லை. பிறகு சவூதியில் இருந்த மகன் காசு அனுப்பி, வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வந்தது.

எங்கள் ஒழுங்கைக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. பெட்டி கார் பற்றரியில் ஓடியது. சனிக்கிழமைகளில் மாமா பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டி, சந்திக்கு உருட்டிக்கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவார். ஒரு தரம் ஏற்றினால் இரண்டு நாளைக்குக் காணும், பாட்டு நிகழ்ச்சிகளைப் பார்க்காமல் விட்டால். அன்ரனாவை மேற்கே திருப்பினால் இந்தியா வரும். தெற்கே திருப்பினால் கொழும்பு வரும். இந்தியா மழைக்கோலத்தில் வரும். கொழும்பு அவ்வளவு மோசமில்லை. அதனால் கொழும்பைப் பார்த்தோம். பெட்டியை விறாந்தையில் வைத்து, நாங்கள் முற்றத்தில் பாயிலும் மணலிலும் இருப்போம். மாமாவுக்கு மட்டும் கதிரை. மாமி அடுப்பு வேலையோடு குசினி வாசலில் நின்று பார்ப்பார். அவர் உட்கார்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஒரு நாடகம் போனது. ஆங்கில நாடகம். கீழே சிங்கள எழுத்து. தமிழ் ஓரிடத்திலும் இல்லை. ஆகவே முற்றத்தில் இருந்தவர்களில் இரண்டு பேருக்குத்தான் வேலை இருந்தது. மாமா கண்ணால் சிங்களத்தை வாசித்துச் சொல்லுவார். நான் காதால் ஆங்கிலத்தைக் கேட்டுச் சொல்லுவேன். மற்றவர்கள் இரண்டையும் கேட்டுவிட்டுத் தங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார்கள்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் படிக்கவென்று பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஐயா மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. தீவில் மழையும் குறைவு. அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர், அதிலும் பாதி நாள் ஆடு மேய்த்தவர். எனக்கு ஆங்கிலம் படிப்பித்த கன்னியாஸ்திரி தமிழ் தெரிந்தும் தெரியாதவர்போல இருந்தார். தண்ணீர் குடிக்கப் போகவேண்டுமென்றாலும் ஆங்கிலத்தில் கேட்கவேண்டும். முதல் வருடம் நாங்கள் எல்லாரும் தாகத்தோடு இருந்தோம். பிறகு பழகிவிட்டது. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு எனக்கு டி வந்தது. டிதான் ஆகப் பெரியது. நாடகத்தில் பேசியதில் முக்கால்வாசி எனக்கு விளங்கியது. விளங்காத இடங்களில், “ஏதோ சட்டம் கதைக்கினம்” என்று சொல்லுவேன். வழக்கு நாடகம் என்பதால் அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

மாமாவுக்குச் சிங்களம் பேச்சு தண்ணீர்பட்ட பாடு. வாசிப்பு அப்படியல்ல, எழுத்துக்கூட்டித்தான் வரும். முதல் வரியின் நடுவுக்கு அவர் வரும்போது இரண்டு வரியும் போய் அடுத்த இரண்டு வரி வந்துவிடும். ஆனால் அவர் சொன்னது எழுத்தில் இருந்தது. நான் சொன்னது காற்றில் இருந்தது. எங்கள் ஊரில் எழுத்துக்கு மரியாதை அதிகம், வாசிக்கத் தெரியாதவர்களிடம் இன்னும் அதிகம்.

சச்சரவு முதல் ஞாயிறே தொடங்கிவிட்டது. நாடகம் தொடங்கும்போது கடலைக் காட்டினார்கள். அதன்மேல் நடிகர்களின் பெயர்கள் ஓடின. பின்னால் ஒரு ஆணின் குரல் பேசியது. இது நூறு நூற்றைம்பது வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் மெய்யாகவே நடந்த வழக்கு; உடுப்புத் தோய்த்துச் சீவித்த ஒரு பெண்ணைக் கொலைகாரி என்று தூக்கில் போட்டார்கள்; பல வருடம் கழித்து வேறொருவன் சாகும் தறுவாயில், தானே கொன்றது என்று சொன்னான். இவ்வளவையும் அந்தக் குரல் சொன்னது. நான் எல்லாருக்கும் சொன்னேன்.

“இதென்ன பிள்ளை, முதல் நாளே ஆளைக் கொண்டுபோட்டாய்?” என்றார் மீன்கார அக்கா. அவர் கடற்கரையில் மீன் எடுத்துக் கடகத்தில் விற்பவர்; வேதக்காரர்; ஞாயிறு காலை பூசைக்கும் பின்னேரம் நாடகத்துக்கும் தவறமாட்டார்.

“நான் கொல்லேல்லை அக்கா. அவர் சொன்னவர்.”

“கீழை ஒரு எழுத்தும் வரேல்லை,” என்றார் மாமா. “முக்கியமான விசயமெண்டால் எழுதாமல் விடுவாங்களோ?”

“பெயர் ஓடினபடியால் எழுத இடமில்லை மாமா. அவர் வாயாலை சொன்னவர்.”

“வாயாலை ஆரும் எதையும் சொல்லலாம்.”

அன்றிலிருந்து முற்றம் இரண்டாகப் பிரிந்தது. அவளைத் தூக்கில் போடுவார்கள் என்றது நான் மட்டும். விட்டுவிடுவார்கள் என்றது மற்ற எல்லாரும். அம்மா எந்தப் பக்கமும் பேசவில்லை. அவருக்கு அந்தப் பெண் தோய்க்கும் விதம் பிடிக்கவில்லை. “கல்லிலை அடிக்காமல் என்னெண்டு ஊத்தை போகும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கதை இதுதான். ஒரு பணக்கார விதவை வீட்டில் கொலையாகிக் கிடக்கிறாள். அந்த வீட்டுத் துணிகளைத் தோய்க்கிற பெண்ணின் தொட்டியில் இரத்தக் கறை படிந்த படுக்கை விரிப்பு ஒன்று இருக்கிறது. அவள் அதைத் தோய்த்துக்கொண்டிருக்கிறாள். கறையை மறைக்கத்தான் தோய்த்தாள் என்கிறது அரசாங்கத் தரப்பு. தோய்ப்பதற்குத்தான் தன்னிடம் தந்தார்கள் என்கிறாள் அவள். இதில் எங்கள் முற்றத்துக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

“தோய்க்கிறவளிட்டை கறைச்சீலை கிடவாமல் கூறைச்சீலையே கிடக்கும்?” என்று மீன்கார அக்கா கேட்டார். “என்ரை கடகத்துக்குள்ளை மீன் செதில் கிடந்தால் நான் மீனைக் கொண்டனான் எண்டு பிடிப்பாங்களோ?”

அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னவன் விதவையின் மருமகன். அவன் வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டு, அவள் அன்றிரவு பின்கதவால் போனதைக் கண்டேன் என்று பொய் சொன்னான். முற்றம் கொதித்துப்போனது. பொய்யைவிட, சத்தியம் பண்ணியபிறகு சொன்ன பொய் என்பதுதான் காரணம். எங்கள் பக்கத்தில் கோயிலில் கற்பூரத்தைக் கொளுத்தி, அதை அணைத்துச் சத்தியம் பண்ணினால் வழக்கு அதோடு முடிந்துவிடும். பொய்ச் சத்தியம் பண்ணினவனுக்குக் கண் போகும், அல்லது கால் வழங்காது. அவனுடைய கண்ணும் காலும் சரியாக இருப்பதைப் பார்த்து எல்லாரும் குழம்பிப்போனார்கள்.

“உந்தப் புத்தகத்திலை கை வைச்சு என்ன வரப்போகுது? நயினாதீவு அம்மன்ரை வாசலிலை கொண்டுபோய் விடட்டும், பாப்பம்,” என்றார் ஐயா. ஐயா வாய் திறந்தது அபூர்வம் என்பதால் எல்லாரும் ஆமோதித்தார்கள்.

மீன்கார அக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது. “எங்கடை புத்தகமும் தண்டிக்கும். ஆனால் ஆறுதலாய், மெல்ல மெல்லத் தண்டிக்கும்.”

அடுத்த ஞாயிறு அந்த மருமகன் சாட்சிக் கூண்டில் நின்று இருமினான். அக்கா முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். சயரோகம் தொடங்கிவிட்டது என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். அதற்கடுத்த ஞாயிறு இருமல் இல்லை. நடிகருக்குத் தடிமன் பிடித்திருந்திருக்கும்.

மாமா இவற்றில் எல்லாம் கலந்துகொள்வதில்லை. அவருக்குக் கோயிலைவிடக் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், நம்பிக்கை. முன்பு ஒருதரம் கடைக்கட்டிடக்காரன் அவரைக் கடையைவிட்டு எழுப்பப் பார்த்தபோது கோட்டுக்குப் போய் வென்றவர். “கோடு எண்டால் கோடுதான். சுணங்கும். ஆனால் சரியாய்த்தான் சொல்லும்,” என்பார். கடை எரிந்ததற்கும் பொலிசில் முறைப்பாடு எழுதிக் கொடுத்திருந்தார். பதில் இன்னும் வரவில்லை. சுணங்குகிறது.

அந்த முறைப்பாட்டைப் பற்றி அவர் ஒருநாள் நாடகம் தொடங்குமுன் சொன்னார். எங்கள் எட்டு வரித் தகராறுக்கு உதாரணமாகத்தான் சொன்னார். “நான் ஒரு பின்னேரம் முழுக்கச் சொன்னனான். ஆர் ஆர் வந்தது, ஆர் முதல் கல்லெறிஞ்சது, ஆர் கடையைக் காட்டிக் குடுத்தது, எல்லாம். என்னட்டைக் கடனுக்கு அரிசி வாங்கினவன்ரை பேர் உட்பட. பொலிஸ்காரன் எல்லாத்தையும் ரெண்டு வரியிலை எழுதி முடிச்சான். விசயம் தெரிஞ்சவன் சுருக்கித்தான் எழுதுவான். தெரியாதவன்தான் நீட்டுவான்.”

மாமி குசினி வாசலில் நின்றபடி எங்களைப் பார்க்காமல் வேலியைப் பார்த்தார். வேலி நல்ல வேலி. ஐயாதான் அடைத்தது.

அந்த வேலி அடைத்த நாளில்தான் என் விசயமும் பேசப்பட்டது. நான் சாதாரண தரம் பாஸ். உயர்தரம் படிக்கவேண்டுமென்றால் யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் போகவேண்டும். நான் கலைப்பிரிவில் படிக்க விரும்பினேன். அதற்கு மேலே என்ன என்பதையும் முடிவுசெய்து வைத்திருந்தேன். ஐயாவுக்கு மறுப்பு இல்லை, விருப்பமும் இல்லை. பெரிய ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஒழுங்கையில் பெரிய ஆள் மாமா.

அம்மா ஓலை எடுத்துக் கொடுக்கப் போனவர் கேட்டுக்கொண்டு வந்து சொன்னது இது:

“உம்மடை பெட்டைக்கு இங்கிலீசு தெரியும் எண்டு ஆர் சொன்னது?” என்று மாமா கேட்டாராம்.

“பள்ளிக்கூடத்திலை, முதலாளி. டி எண்டு போட்டிருக்காம்.”

“டி எண்டால் ஏ, பி, சி எல்லாம் முடிஞ்சு வாறது காணும்.”

ஐயா ஓலையைக் கீழே வைத்துவிட்டாராம்.

“அவள் பொய்க்காரி எண்டு நான் சொல்லேல்லை. விளங்காததைத் தானாய் இட்டு நிரப்புறாள். இதை நம்பிக் காசைக் கொட்டிப் பட்டணத்துக்கு அனுப்பி, அங்கையும் இட்டு நிரப்பினால்? நீர் யோசியும்.”

ஐயா யோசித்தார். அடுத்த ஓலையை எடுத்து வைத்துக் கட்டிவிட்டுச் சொன்னார்: “படம் முடியட்டும் முதலாளி. அவளை விட்டினமெண்டால் இவளை மறிக்கிறன்.”

என் உயர்தரம் இப்படித்தான் ஒரு வெள்ளைக்காரியின் கழுத்தில் கட்டப்பட்டது.

இதற்குப் பிறகு முற்றத்தில் என் நிலைமை கொஞ்சம் அந்தரமானது. எல்லாரும் அவளுக்காக இரங்கினார்கள். மீன்கார அக்கா மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றினார். வேறொருவர் அவள் தப்பினால் அம்மனுக்குப் பொங்குவதாக நேர்த்தி வைத்தார். நூற்றைம்பது வருடத்துக்கு முன் தீர்ந்துபோன வழக்குக்கு எங்கள் ஒழுங்கையில் நேர்த்தி வைத்தார்கள். எனக்கும் அவளைப் பிடித்திருந்தது. நாடகத்தில் எல்லாரையும்விட அவள்தான் தெளிவான ஆங்கிலம் பேசினாள். ஆனால் நேர்த்தி வைப்பதென்றால் நான் மற்றப் பக்கம் வைக்கவேண்டும். அதற்குப் பொருத்தமான கோயில் எதுவென்று தெரியாததால் சும்மா இருந்தேன்.

“ரெண்டு பேரையும் சத்தியம் பண்ண விடுவம்,” என்றார் மீன்கார அக்கா ஒருநாள். “முதலாளியும் கற்பூரத்தை அணைக்கட்டும், இவளும் அணைக்கட்டும். ஆரின்ரை கண் போகுதெண்டு பாப்பம்.”

“நான் மாட்டன்,” என்றேன்.

“பாத்தியளே!” என்றார் மாமா.

“எனக்கு எல்லாச் சொல்லும் தெரியாது. தெரியாத சொல்லுக்குச் சத்தியம் பண்ண ஏலாது. அவளைத் தூக்கிலை போட்டது எண்டதுக்கு மட்டுமெண்டால் பண்ணுவன்.”

“அப்பிடிப் பாதிச் சத்தியம் இல்லை பிள்ளை,” என்றார் அக்கா. அவர் சொன்னது சரி. பாதிச் சத்தியம் இல்லை. மாமா சத்தியம் பண்ணுவாரா என்று யாரும் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை.

நடுவில் ஒரு ஞாயிறு நாடகம் பார்க்கவில்லை. கடலில் நேவி சுட்டுக்கொண்டிருந்தது. சத்தம் கரைப்பக்கம் வந்ததால் எல்லாரும் தத்தம் வீட்டில் குப்புறப் படுத்திருந்தோம். அடுத்த கிழமை நாடகத்தில் அவளுடைய வழக்கறிஞர் மாறியிருந்தார். ஏனென்று யாருக்கும் தெரியாது. பழையவர் காசு வாங்கிக்கொண்டு மாறிவிட்டார் என்று மாமா சொன்னார். செத்துப்போனார் என்று நான் சொன்னேன். பிறகு பழையவரே திரும்பி வந்தார். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கடைசி ஞாயிறு வந்தது. அன்று முற்றத்தில் இடமில்லை. ஒழுங்கைக்கு வெளியிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஐயா மாமரத்தோடு சாய்ந்து நின்றார். மாமா இரண்டு பற்றரி கொண்டுவந்திருந்தார், நடுவில் நின்றுவிடக்கூடாதென்று. அதற்காக அவரைப் பாராட்டவேண்டும்.

நடுவர்களான யூரிமார் எழுந்து குற்றவாளி என்று சொன்னார்கள். அது ஒரு சொல். என்னிடமிருந்தும் ஒரு சொல்தான் வந்தது. மாமா, “அது யூரி. நீதவான் மாத்துவார்,” என்றார். பிறகு நீதிபதி தன் வெள்ளை முடித்தொப்பியின் மேல் ஒரு சின்னக் கறுப்புத் துணியை எடுத்து வைத்தார்.

“தலை குளிருதாக்கும்,” என்றார் யாரோ.

நீதிபதி பேசினார். இதுவரை நாடகத்தில் யாரும் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. அதனால் கீழே இருந்த இரண்டு வரியும் அசையாமல் நின்றது. மாமா வாசித்தார். அவருடைய உதடு ஒவ்வொரு எழுத்தாக அசைந்ததை நான் பார்த்தேன். முதல் வரியை முடித்தார். இரண்டாவது வரியையும் முடித்தார். அந்த நாடகம் முழுவதிலும் அவர் இரண்டு வரியையும் வாசித்து முடித்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் கதிரையில் பின்னால் சாய்ந்தார்.

“என்ன முதலாளி, என்ன சொல்லுறான்?” என்று மீன்கார அக்கா கேட்டார்.

“விடச் சொல்லுறார்.”

முற்றம் மூச்சுவிட்டது. யாரோ கை தட்டினார்கள்.

“இல்லை,” என்றேன் நான். “இஞ்சையிருந்து சிறைக்குக் கொண்டுபோக வேணுமாம். பேந்து தூக்குமரத்துக்குக் கொண்டுபோக வேணுமாம். சாகுமட்டும் கழுத்திலை தூக்க வேணுமாம். அவளின்ரை ஆன்மாவுக்குக் கடவுள் இரங்கட்டுமாம்.”

“ரெண்டு வரியிலை உவ்வளவும் இல்லை,” என்றார் மாமா. திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

“வாயை மூடு பிள்ளை, விட்டவளை ஏன் திருப்பிக் கொல்லுறாய்?” என்றார் வெளியிலிருந்து வந்த ஒரு அண்ணை. பெட்டியில் அந்தப் பெண்ணின் முகத்தைக் காட்டினார்கள். அவள் அழவில்லை. விட்டால் அழுவாளா, தூக்கென்றால் அழுவாளா என்பதில் முற்றத்துக்கு நிச்சயம் இல்லாததால் அது ஒருவருக்கும் உதவவில்லை. நான் ஐயாவைப் பார்த்தேன். ஐயா பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூக்குமரத்தைக் காட்டவேயில்லை. விடியற்காலை, சிறைச்சாலை மதில், ஒரு மணியோசை. பேச்சு இல்லை, கீழே எழுத்தும் இல்லை. எங்கள் இருவருக்கும் வேலை இல்லை. வெளியே அவளுடைய தங்கை காத்து நின்றாள். பெரிய கதவு திறந்தது.

“அந்தா! கதவு திறக்குது!” என்று சத்தம் போட்டார்கள்.

“நான் சொன்னன்,” என்றார் மாமா. அவருடைய குரல் அவர் சொன்னதைவிடச் சின்னதாக இருந்தது.

கதவால் ஒரு காவலாளி வந்தான். தங்கையிடம் ஒரு துணிமூட்டையைக் கொடுத்தான். திரும்பிப் போனான். கதவு சாத்தப்பட்டது. தங்கை மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயர்கள் ஓடத் தொடங்கின.

முற்றம் காத்திருந்தது. அவள் இனித்தான் வருவாள் என்று நினைத்தார்கள். பெயர்கள் ஓடி முடிந்து, பற்பசை விளம்பரம் வந்தது.

“ஆளெங்கை?” என்று கேட்டார் மாமி.

அந்த நாடகம் போன நாட்களில் அவர் பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

“உடுப்பு மட்டுமெல்லே வந்திருக்கு,” என்றார் மாமி.

அவர் குசினி வாசலிலிருந்து இறங்கினார். முற்றத்தைச் சுற்றிக் கிணற்றடிக்குப் போனார். துலாவை இழுத்து, ஒரு வாளி தண்ணீர் அள்ளி, உடுத்த சீலையோடு தலையில் வார்த்தார். பிறகு இன்னொரு வாளி. செத்தவீட்டுக்குப் போனால் முழுகாமல் வீட்டுக்குள் போகக்கூடாது. நாங்கள் செத்தவீட்டுக்குப் போகவில்லை. ஆனால் அதை யார் எடுத்துச் சொல்வது? அம்மா எழும்பிப் போனார். அவருக்குப் பின்னால் மற்றப் பெண்கள் போனார்கள். இருட்டுகிற மைமல் பொழுதில் கிணற்றடியில் வரிசை நின்றது. மீன்கார அக்கா, “எங்களுக்கு உந்த வழக்கமில்லை,” என்று சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் நின்றார். பிறகு, “வெக்கையாய்க் கிடக்கு,” என்று சொல்லிவிட்டு வரிசையில் போய்ச் சேர்ந்தார். நானும் முழுகினேன். என் பக்கம் வென்றிருந்தது, தண்ணீர் உவர்.

பெண்கள் முடித்துக்கொண்டு விலகியபின் ஆண்கள் போனார்கள். மாமா கதிரையைவிட்டு எழும்பவில்லை. பெட்டியில் யாரோ சிங்களத்தில் காலநிலை சொன்னார்கள். அவர் அதையும் வாசிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். விட்டுவிட்டார்கள் என்று அவர் சொன்னது சரியில்லை என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருப்பேன், அம்மா என் கையைப் பிடித்திருந்தார்.

பிறகு மாமா எழும்பினார். பெட்டியை நிறுத்தினார். பற்றரியின் இரண்டு கிளிப்பையும் கழற்றினார். மேற்சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். கிணற்றடிக்குப் போய், ஐயாவுக்கு முன்னால் நின்று, தானே துலாவை இழுத்துத் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டார்.

உயிரோடு வெளியே வந்தவளுக்காக ஒருவரும் முழுகுவதில்லை. ஐயா வாளிக்குக் காத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். எல்லாவற்றையும் பார்த்தார். மாமா வாளியை அவர் கையில் கொடுத்தார்.

என் படிப்பைப் பற்றி ஐயா வீட்டுக்குப் போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கிழமை முழுவதும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டுப் பெறுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் வேறு நிகழ்ச்சி. ஆங்கிலத்தில், கடலுக்கு அடியில் வாழும் மீன்களைப் பற்றியது. முற்றத்தில் பாதிப் பேர்தான். மீன்கார அக்கா வந்திருந்தார், தொழில் முறையில். கீழே இரண்டு வரி ஓடியது. மாமா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ சொல்லு பிள்ளை.”

“கீழை எழுத்துப் போகுது மாமா.”

“அது போகட்டும். நீ சொல்லு. சுருக்காதை. ஒண்டும் விடாமல், முழுக்கச் சொல்லு.”

நான் முழுக்கச் சொன்னேன். மீன்களைப் பற்றி அவ்வளவு சொல்ல இருக்கவில்லை. ஒரு மீன் வாயில் முட்டையை வைத்துக் காவுகிறது என்றேன். “அது எங்களுக்குத் தெரியும்,” என்றார் அக்கா. மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மாமி ஒரு பலகையை இழுத்துப்போட்டு, குசினி வாசலில் உட்கார்ந்தார்.

திரும்பி வரும் வழியில், எங்கள் படலைக்குக் கிட்ட வந்தபிறகு ஐயா பேசினார்.

“பட்டணத்திலை எந்தப் பள்ளிக்கூடம் எண்டு விசாரிக்கவேணும்.”

“விசாரிச்சாச்சு ஐயா.”

“அங்கை எழுதிக் கேக்கவேணும் எல்லே?”

“எழுதியாச்சு. அம்மாவும் நானும் கொண்டுபோய்க் குடுத்தனாங்கள்.”

“எப்ப?”

“அந்தப் பொம்பிளையைக் கூண்டிலை ஏத்தின கிழமை.”

அம்மாவுக்குக் கண் காட்டப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போன நாள் அது. பெற்றார் ஒப்பமிடும் இடத்தில் அம்மா கைநாட்டு வைத்தார். ஐயா கொஞ்சத் தூரம் நடந்தார். அம்மா எங்களுக்கு முன்னால், வழக்கத்தைவிடக் கெதியாகப் போய்க்கொண்டிருந்தார்.

“கண் எப்பிடியாம்?” என்று ஐயா கேட்டார்.

“வடிவாய்த் தெரியுதாம்.”

ஐயா படலையைத் திறந்தார். “அப்ப பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைக்குத் துணி எடுக்கவேணும்,” என்றார்.

துணி வேலணையில் தையற்கார அக்காவிடம் இருந்தது. அளவு வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டேன்.